விற்கப்போகும் வீட்டுக்கு ஏன் வெள்ளை?

வீட்டைக் கட்டிப்பார், கலியாணம் செய்துபார் என்று நமது பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். வீட்டை விற்றுப்பார் என்று அவர்கள் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் இருந்த வீட்டை விற்பதென்றால் குடும்பம் நொடித்துப்போனது என்றுதான் அர்த்தம். சீதனமாக வந்த வீட்டை விற்றவளை ஊர் ஒரு மாதிரியாகப் பார்க்கும். இன்று நிலைமை மாறிவிட்டது. போரில் கணவனை இழந்தவர்கள், பிள்ளைகள் ஆளுக்கொரு திசையில் சிதறிப்போனவர்கள், தனியாக ஒரு வளவைக் கூட்டிப் பெருக்க உடம்பில் வலு இல்லாதவர்கள் எனப் பல பெண்கள் வீட்டை விற்க வேண்டிய நிலைக்கு வந்திருக்கிறோம். நானும் அவர்களில் ஒருத்தி. 2019 ஆம் ஆண்டு எனது சீதன வீட்டை விற்றேன். விற்பதற்கு முன் அதன் வெளிப்புறத்தைச் சீர்செய்ய ஐந்து மாதங்கள் எடுத்துக்கொண்டேன். அந்த ஐந்து மாதங்களில் நான் கண்டதையும் கற்றதையும் என் போன்ற சகோதரிகளுடன் பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.

எங்கள் வீடு தென்மராட்சியில், மீசாலைப் பக்கம் இருந்தது. நான்கு பரப்புக் காணி. அம்மாவின் தகப்பனார் 1950களில் சுண்ணக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு கட்டிய ஓட்டு வீடு. முன்னால் ஒரு விறாந்தை, உள்ளே இரண்டு அறை, பக்கவாட்டில் குசினி. 2000 ஆம் ஆண்டு மே மாதம் சண்டை தென்மராட்சிக்குள் வந்தபோது நாங்கள் உடுத்த உடுப்போடு வெளியேறினோம். அந்த இடப்பெயர்வில்தான் என் கணவர் செல் விழுந்து இறந்தார். 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தான பிறகு, அம்மாவையும் மகளையும் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தேன். பாதிக் கூரை இல்லை. முன்சுவர் முழுவதும் செல் துண்டு பட்ட காயங்கள். கிடைத்த உதவியையும் கைக்காசையும் சேர்த்துக் கூரையைப் போட்டோம். கதவு யன்னல் போட்டோம். அதற்குப் பிறகு பிள்ளையின் படிப்பு, அம்மாவின் வருத்தம். வீட்டின் வெளிப்புறத்துக்கென்று பதினேழு வருடங்களில் ஒரு சதமும் செலவழிக்க இயலவில்லை.

2018 இல் அம்மாவும் போய்விட்டார். மகள் வவுனியாவில் ஆசிரியை. எனக்கு முழங்கால் நோ. அடகு வைத்த நகை ஒரு பக்கம், கிழமைக்குக் கிழமை கட்டவேண்டிய கடன் ஒரு பக்கம். வீட்டை விற்றுக் கடனை அடைத்து, மகளுக்குப் பக்கத்தில் சிறியதொரு வீடு வாங்குவது என்று முடிவெடுத்தேன்.

முதலில் ஒரு புறோக்கர் ஆளொருவரைக் கூட்டிவந்தார். வந்தவர் கேற்றடியில் நின்றே சுற்றிப் பார்த்தார். கேற் என்று சொல்வதற்கு அது கேற்றும் இல்லை. கறள் பிடித்த தகரம், கம்பியால் கட்டியது. வேலி இரண்டு இடத்தில் விழுந்து கிடந்தது. சுவர் பாசி பிடித்துக் கறுத்திருந்தது. அவர் வீட்டுக்குள் வரவேயில்லை.

“தனியாத்தான் இருக்கிறியளோ? வெளிநாட்டில ஒருத்தரும் இல்லையோ? கெதியில குடுக்க வேணுமோ?” என்று கேட்டார். பிறகு இருபத்தாறு இலட்சம் என்றார்.

அயலில் வெறுங்காணி என்ன விலைக்குப் போகிறது என்று நான் முன்னரே மூன்று இடத்தில் விசாரித்து வைத்திருந்தேன். பரப்பு ஆறு இலட்சம் போய்க்கொண்டிருந்தது. அப்படியென்றால் நான்கு பரப்புக்கு இருபத்துநான்கு இலட்சம். என் பேரனார் கட்டிய வீட்டுக்கும் நல்ல தண்ணீர்க் கிணற்றுக்கும் பலாவுக்கும் மாவுக்கும் சேர்த்து அவர் வைத்த விலை இரண்டு இலட்சம். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

அன்றிரவு எனக்கு ஒன்று விளங்கியது. அந்த மனிதர் வீட்டின் சுவரைப் பார்த்து விலை சொல்லவில்லை. அந்தச் சுவர் என்னைப் பற்றி என்ன சொல்கிறதோ அதைக் கேட்டு விலை சொல்லியிருக்கிறார். ஆம்பிளைத் துணை இல்லை, காசு இல்லை, பொறுத்திருக்க வழி இல்லை, எந்த விலைக்கும் தருவாள் என்று விழுந்து கிடந்த என் வேலி அவருக்குச் சொல்லியிருக்கிறது. நான் வாய் திறப்பதற்கு முன்னரே என் வீடு என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது. முதலில் இந்த வீட்டின் வாயை அடைக்கவேண்டும் என்று நினைத்தேன்.

பக்கத்து வீட்டு அக்கா சிரித்தார். “விக்கப்போற மாட்டுக்கு ஆரும் லாடம் அடிப்பினமே?” என்றார். ஆனால் அவரே அடுத்த நாள் காலையில் கத்தியோடு வந்து நின்றார், பற்றை வெட்ட.

பற்றையைத் துப்புரவாக்குவதில்தான் எல்லாம் தொடங்கவேண்டும். இதற்குக் காசு வேண்டாம், கையும் நேரமும் போதும். நாங்கள் இருவரும் தினமும் காலையில் இரண்டு மணித்தியாலம் வேலை செய்தோம். உடைந்த பானை, சிரட்டை, பழைய ரயர் எல்லாவற்றையும் அகற்றினோம். மழைத் தண்ணீர் தேங்கி நுளம்பு பெருகுவது இவற்றில்தான். பழுதான ஓலைகளைக் கழித்தோம். வீட்டை மறைத்துக்கொண்டிருந்த தாழ்ந்த கொப்புகளை மட்டும் தறித்தோம். மரத்தைத் தறிக்கவில்லை. தென்மராட்சியில் ஒரு பலாமரம் நிற்கிற வளவுக்கு அதற்கென ஒரு மதிப்பு இருக்கிறது. பத்து நாளில் கேற்றடியிலிருந்து பார்க்க வீடு முழுதாகத் தெரிந்தது. எனக்கே அது இவ்வளவு பெரிய வீடா என்று இருந்தது.

ஒன்றை இங்கே சொல்லவேண்டும். சண்டை நடந்த இடங்களில், கனகாலம் ஆள் இல்லாமல் கிடந்த வளவுகளில், பற்றை வெட்டும்போதும் கதியால் போடக் கிடங்கு கிண்டும்போதும் கவனம் வேண்டும். கண்ணிவெடி அகற்றி விடுவிக்கப்பட்ட காணிதானா என்பதைக் கிராம அலுவலரிடம் கேட்டு உறுதிசெய்த பிறகே மண்ணில் கை வையுங்கள். சந்தேகமான எதையாவது கண்டால் தொடாதீர்கள், எறியாதீர்கள், நெருப்பு வைக்காதீர்கள். பொலிசுக்கு அறிவியுங்கள். வீட்டை அழகாக்கப் போய்க் காலை இழக்கக்கூடாது.

அடுத்தது வேலி. மதில் கட்ட என்னால் முடியாது. கட்டவேண்டிய தேவையும் இல்லை. இருந்த கிளுவையையும் பூவரசையும் ஒரே உயரத்துக்கு வெட்டி, இடைவெளிகளில் புதுக் கதியால் போட்டு, தெருப்பக்கத்துக்கு மட்டும் புதுக் கிடுகு வரிந்தேன். மற்ற மூன்று பக்கமும் பழைய கிடுகையே இழுத்துக் கட்டினோம். தெருவால் போகிறவர்களுக்கு நேராகக் கட்டிய வேலி ஒன்றைத்தான் தெரியும். இங்கு ஒழுங்கான ஆட்கள் இருக்கிறார்கள் என்று அந்த வேலி சொல்லும்.

வேலி கட்டுவதற்கு முன் அயலவர்களைக் கூப்பிட்டு எல்லையைக் காட்டிக் கதைத்துக்கொண்டேன். எங்கள் ஊர்களில் வேலிச் சண்டை எத்தனை தலைமுறைக்குப் போகும் என்பது உங்களுக்குத் தெரியும். இடப்பெயர்வுகளில் எல்லைக்கல்லும் வேலியும் இல்லாமல் போன இடங்கள் ஏராளம். எல்லைப் பிரச்சினை இருக்கிற காணி என்று கதை பரவினால் எவ்வளவு பெயின்ற் அடித்தும் பயனில்லை. நல்ல வேலி, பக்கத்து வளவுக்காரர் “ஓம், இதுதான் எல்லை” என்று சொல்கிற வேலிதான்.

முற்றத்தின் கிழக்குப் பக்கம் ஒரு பள்ளம் இருந்தது. அது எங்கள் பங்கர். பனங்குற்றி அடுக்கி, மேலே மண்மூட்டை போட்டு, 1990களில் என் கணவர் வெட்டியது. குற்றிகள் உக்கி மண் உள்ளே இறங்கி, மழைக்குக் குளமாக நிற்கும். இவ்வளவு காலமும் அதை மூடாமல் விட்டிருந்தேன். காசு இல்லை என்பது ஒரு காரணம். அந்தக் கிடங்குக்குள் நாங்கள் நால்வரும் நெருக்கிக்கொண்டு இருந்த இரவுகள் மற்றக் காரணம். அவர் வெட்டியதை என் கையால் மூட மனம் வரவில்லை. மகள் வவுனியாவிலிருந்து லீவில் வந்திருந்தாள். “அம்மா, அப்பா எங்களைக் காப்பாத்தத்தான் வெட்டினவர். இப்ப மூடினாத்தான் எங்களைக் காப்பாத்தும்” என்றாள். உக்கிய குற்றிகளை வெளியில் எடுத்து, இரண்டு உழவு இயந்திரப் பெட்டி மண் பறித்து, அரை அடிக்கு அரை அடி தண்ணீர் தெளித்து இடித்து நிரப்பினோம். ஒரேயடியாக மண்ணைக் கொட்டி மூடினால் அடுத்த மாரிக்கு மறுபடி இறங்கிவிடும்.

கிணற்றையும் வீட்டின் வெளிப்புறம் என்றுதான் நான் சொல்வேன். யாழ்ப்பாணத்தில் வீடு பார்க்க வருகிறவர்கள், முக்கியமாகப் பெண்கள், முதலில் எட்டிப் பார்ப்பது கிணற்றைத்தான். ஒரு வாளி அள்ளி வாயில் விட்டுப் பார்ப்பார்கள். கிணற்றை இறைத்துத் தூர் எடுத்தோம். கட்டில் முளைத்திருந்த ஆலங்கன்றை வேரோடு பிடுங்கினோம். வெடித்த கட்டுக்குச் சீமெந்து பூசினோம். சுற்றிவரத் தண்ணீர் தேங்காமல் வாழைக்கு வாய்க்கால் வெட்டினேன்.

சுவருக்குப் போவதற்கு முன் கூரையைப் பார்க்கவேண்டும். உடைந்த ஓட்டையும் அடைத்துக்கிடந்த பீலியையும் அப்படியே விட்டுவிட்டுச் சுவருக்கு வெள்ளை அடித்தால் முதல் மழைக்கே கறை இறங்கிவிடும். ஒரு நாள் கூலிக்கு ஓட்டு வேலை தெரிந்தவரைப் பிடித்து, உடைந்த ஓடுகளை மாற்றி, முகட்டைச் சரிசெய்து, பீலியில் நிறைந்திருந்த சருகை அள்ளிப்போட்டோம். அஸ்பெஸ்டஸ் சீற் போட்ட வீடு உள்ளவர்கள் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. பாசியைப் போக்க அந்தச் சீற்றைக் காய்ந்தபடி கம்பித் தும்பால் உரஞ்சக்கூடாது. அதிலிருந்து கிளம்பும் தூசு நெஞ்சுக்குள் போனால் பல வருடங்களுக்குப் பின்னும் நோயைக் கொண்டுவரும். அதை வெட்டுவதோ துளைப்பதோ நாமே செய்யும் வேலையல்ல.

இனிச் சுவர். மேசன் வந்து பார்த்துவிட்டு, கடையில் விற்கும் வெளிச்சுவர்ப் பெயின்ற் அடித்தால் பளிச்சென்று இருக்கும் என்றார். நான் வேண்டாம் என்றேன். சுண்ணாம்புச் சாந்தால் கட்டிய பழைய சுவர் நிலத்தின் ஈரத்தை உறிஞ்சி வெளியில் விட்டுக்கொண்டிருக்கும். அதற்கு மேல் ஈரம் போகாத பெயின்ற்றைப் பூசினால் உள்ளே அடைபட்ட ஈரமும் உவரும் பெயின்ற்றைத் தோல் தோலாக உரித்துவிடும். அப்படியான சுவருக்குச் சுண்ணாம்புதான் பொருத்தம். விலையும் குறைவு. வீட்டுத்திட்டத்தில் கிடைத்த சீமெந்துக் கல் வீடுகளுக்குப் பெயின்ற் அடிக்கலாம். ஆனால் புதிதாகப் பூசிய சுவரை நான்கு கிழமையாவது காயவிடவேண்டும்.

சுண்ணாம்பை முதல் நாளே தண்ணீரில் ஊறவைத்து, பழைய சேலைத் துணியில் வடித்தெடுத்தோம். கையில் ஒட்டாமலிருக்க வச்சிரம் காய்ச்சி ஊற்றினோம். நிறத்துக்கு மஞ்சட்காவித் தூள் கொஞ்சம் சேர்த்தோம். சுவரைத் தும்புத்தடியால் உரஞ்சிப் பாசியை எடுத்து, தண்ணீர் தெளித்து நனைத்த பிறகு, ஐதாக இரண்டு தடவை பூசினோம். தடிப்பாக ஒருதடவை பூசினால் வெடித்து உதிரும். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் ஆபத்து. கண்ணாடி ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள், பிள்ளைகளைக் கிட்ட விடாதீர்கள். பழைய எனாமல் பெயின்ற் அடித்த கதவு யன்னல்களைத் தேய்க்கும்போது ஈரத்தோடு தேய்க்கவேண்டும். பழைய பெயின்ற்றில் ஈயம் இருக்கக்கூடும். அந்தத் தூசு சின்னப் பிள்ளைகளுக்குக் கெடுதல்.

நிலத்திலிருந்து இரண்டடி உயரத்துக்குச் சுற்றிவரக் கடும் காவி நிறத்தில் ஒரு பட்டை அடித்தோம். மழைக்கு மண் தெறித்துச் சுவரில் படும் ஊத்தை அதில் தெரியாது. அந்தப் பட்டையோடு வீடு எழும்பி நிமிர்ந்து நிற்பதுபோல் இருந்தது. இந்த வேலைகளை மாசி தொடங்கி ஆனிக்குள் முடித்துவிட்டேன். மாரியில் சுவர் காயாது. அத்தோடு நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வெளிநாட்டிலும் வெளியூரிலும் இருப்பவர்கள் வந்து போவார்கள். காணி பார்க்கிறவர்கள் அதிகம் நடமாடும் காலம் அது.

சுவர் மஞ்சளாகத் தொடங்கியதும் ஊரில் கதையும் தொடங்கியது. “புருசன் இல்லாதவளுக்கு என்ன வெள்ளையடிப்பு? ஏதும் விசேசமோ?” என்று சந்தையில் ஒருவர் கேட்டதாக அக்கா வந்து சொன்னார். கிடுகு வரிய ஆள் வந்தாலும் கதை. மேசன் தேத்தண்ணி குடித்தாலும் கதை. கணவனை இழந்த பெண்ணின் வீடு பாழடைந்து கிடந்தால் எல்லோரும் பரிதாபப்படுவார்கள். அதே வீடு அழகாக நின்றால் கேள்வி கேட்பார்கள். இதை நம்மில் எத்தனை பேர் அனுபவித்திருக்கிறோம்! நான் ஒருவருக்கும் விளக்கம் சொல்லப் போகவில்லை. விடிய எழும்பி முற்றம் கூட்டி, சாணி தெளித்து, ஒரு சின்னக் கோலமும் போட்டேன். பத்தொன்பது வருடத்துக்குப் பிறகு என் முற்றத்தில் போட்ட முதல் கோலம் அது. வாங்க வருகிறவர்களுக்காகத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வரப்போகிறவர்கள் இல்லாத நாளிலும் போட்டேன்.

முன்சுவரில் இருந்த செல் காயங்களை என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. மேசன் எல்லாவற்றையும் சாந்து வைத்து நிரப்பினார். நான் மறிக்கவில்லை. அந்த வீட்டில் இனி வளரப்போகும் பிள்ளைகள் தினமும் அவற்றைப் பார்த்து வளரவேண்டும் என்று எந்தத் தேவையும் இல்லை. எங்களுக்கு நடந்தது எங்களோடு வரும். அதைச் சுவரில் விட்டுவிட்டு வந்தால்தான் நினைவிருக்கும் என்பதில்லை.

ஆனால் குசினி மூலையில் மேலிருந்து கீழே ஒரு வெடிப்பு இருந்தது. அருகில் விழுந்த செல்லின் அதிர்வில் வந்தது. அதையும் பூசி மறைத்துவிடலாம், ஒருவருக்கும் தெரியாது என்றார் மேசன். அதற்கு நான் இடம் கொடுக்கவில்லை. காயத்தின் தழும்பு வேறு, முறிந்த எலும்பு வேறு. தழும்பை மூடலாம். எலும்பு முறிந்ததை மறைத்துவிட்டு ஓடு என்று சொல்ல முடியாது. அந்த மூலையின் அடியில் இன்னொரு பெண் அடுப்பு மூட்டப்போகிறாள். வெடிப்பை அப்படியே விட்டு, சுற்றிவர மட்டும் வெள்ளை அடிப்பித்தேன்.

செலவுக் கணக்கையும் சொல்கிறேன். மேசனுக்கும் கையாளுக்கும் ஐந்து நாட் கூலி இருபதாயிரம். சுண்ணாம்பு, மணல், சீமெந்து ஒன்பதாயிரம். ஓட்டு வேலை ஐயாயிரம். கிடுகு, கதியால், வேலிக்கூலி பதினாறாயிரம். பங்கர் மூட மண்ணும் கூலியும் பதினாலாயிரம். கிணறு ஆறாயிரம். கேற்றும் கதவு யன்னலும் ஐயாயிரம். மொத்தம் எழுபத்தையாயிரம் ரூபா. இது 2019 இன் கணக்கு. 2022 இன் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு சீமெந்தும் கூலியும் எங்கேயோ போய்விட்டன. ஆகவே தொகையைப் பார்க்காதீர்கள், பங்கைப் பாருங்கள். என் செலவில் ஏறத்தாழப் பாதி கூலி. நானும் அக்காவும் கை கொடுக்காவிட்டால் அது இன்னும் கூடியிருக்கும். இந்தப் பணத்தை நான் கட்டிவந்த சீட்டை எடுத்துத்தான் கொடுத்தேன். விற்கப்போகும் வீட்டைத் திருத்த வட்டிக்கு மட்டும் வாங்காதீர்கள். கிழமைக்குக் கிழமை கடன்காரர் படலையைத் தட்டினால் வந்த முதல் விலைக்கே கொடுக்கவேண்டி வரும். கையில் காசே இல்லையென்றால் பற்றையும் வேலியும் முற்றமும் போதும். அவற்றுக்கு உங்கள் உழைப்பே முதல்.

ஆடி மாதத்தில் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். புறோக்கர் கூட்டிவந்த அதே மனிதரும் இன்னொருமுறை வந்தார். இந்தமுறை உள்ளே வந்து இருந்து தேத்தண்ணி குடித்தார். “என்ன, விக்கிற யோசனையை விட்டிட்டியளோ?” என்று கேட்டார். அந்தக் கேள்வியைக் கேட்டதும் எனக்குள் ஒரு நிம்மதி. வீடு இனி என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. யார் வீடு பார்க்க வந்தாலும் அக்காவையோ அவருடைய மகனையோ துணைக்கு வைத்துக்கொண்டேன். நான் தனியாக இருக்கிறேன் என்பதையோ ஏன் விற்கிறேன் என்பதையோ ஒருவருக்கும் சொல்லவில்லை. உறுதியின் போட்டோப் பிரதியை மட்டுமே காட்டினேன்.

கடைசியில் வாங்கியது ஓர் இளம் குடும்பம். மனைவிதான் கிணற்றடிக்கும் குசினிக்கும் போய்ப் பார்த்தாள். நான் கேட்டது முப்பத்தைந்து இலட்சம். விலை பேசுவதற்கு முன்னரே அவளைக் கூட்டிப்போய் அந்த வெடிப்பைக் காட்டினேன். பங்கர் இருந்த இடத்தையும் காட்டி, “இது நிரப்பின மண், இதுக்கு மேல அத்திவாரம் போடாதேங்கோ, பூமரம் வையுங்கோ” என்றேன். கணவன் மனைவியைப் பார்த்தார். அடுத்த நாள் தங்கள் மேசனைக் கூட்டிவந்து வெடிப்பைக் காட்டினார்கள். அதைத் திருத்தும் செலவைக் கழித்து முப்பத்துமூன்று இலட்சத்துக்கு முடிந்தது. “நீங்கள் சொல்லாட்டி எங்களுக்குத் தெரிஞ்சிராது. இதைச் சொன்ன நீங்கள் மற்றதையும் மறைச்சிருக்கமாட்டியள்” என்று அந்தப் பிள்ளை சொன்னாள்.

இருபத்தாறுக்கும் முப்பத்துமூன்றுக்கும் இடையிலுள்ள ஏழு இலட்சமும் சுண்ணாம்பு பூசியதால் வந்தது என்று நான் சொல்லமாட்டேன். நேரமும் ஆளும் பொருந்தியதும் காரணம். ஆனால் பொறுத்திருக்கும் துணிவை அந்த வேலைகள் எனக்குத் தந்தன. நன்றாக நிற்கிற வீட்டுக்குள் இருந்துகொண்டு “இந்த விலைக்குத் தரமாட்டேன்” என்று சொல்வது எளிது.

வெளிப்புறத்தைத் திருத்தத் தொடங்க முன்னரே பத்திரங்களைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். வன்னியில் அனுமதிப்பத்திரக் காணியில் இருக்கும் சகோதரிகள், அந்தப் பத்திரத்தை மட்டும் வைத்துக் காணியை விற்க முடியாது என்பதை அறிந்திருக்கவேண்டும். பிரதேச செயலகத்தில் விசாரித்த பிறகே எதையும் செய்யுங்கள். வடக்கில் தேசவழமைக்கு உட்பட்ட பெண்கள், சீதனக் காணியே ஆனாலும், கணவனின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் விற்க முடியாது. என் கணவரின் மரண அத்தாட்சிப் பத்திரம் என்னிடம் இருந்தபடியால் எனக்கு அது தடையாகவில்லை. கணவர் காணாமல் ஆக்கப்பட்டவராக இருந்தால், அல்லது விட்டுப் பிரிந்துபோயிருந்தால், அந்தச் சம்மதம் இல்லாமலே விற்க மாவட்ட நீதிமன்றத்தில் அனுமதி கேட்க 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைச் சட்டத்தில் இடமிருக்கிறது. மரண அத்தாட்சி எடுக்க மனம் ஒப்பாத பெண்களுக்கு இது முக்கியமான செய்தி. 2016 ஆம் ஆண்டிலிருந்து காணாமற்போனமைக்கான சான்றிதழ் பெறவும் வழி இருக்கிறது. அத்துடன், தேசவழமைப்படி கூட்டுச் சொந்தக்காரருக்கும் உரித்துக்காரருக்கும் முதலில் வாங்கும் உரிமை உண்டு. அதற்குரிய அறிவித்தலை நொத்தாரிசு மூலம் முறையாகக் கொடுத்துவிட்டால் பின்னுக்கு வழக்கு வராது. இவற்றை ஒரு சட்டத்தரணியிடம் நேரில் கேட்டுத் தெளிவது நல்லது.

இப்போது நான் மகளுக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு சிறிய வீட்டில் இருக்கிறேன். கடன் இல்லை. நகை மீண்டு வந்துவிட்டது. சகோதரிகளே, வீட்டை விற்க வேண்டி வந்தால் வெட்கப்படாதீர்கள். இத்தனை இடப்பெயர்வுக்குள்ளும் அதைக் காத்து வைத்திருந்தவர்கள் நீங்கள்தான். விற்கும்போதும் நிமிர்ந்து நின்று விற்கலாம். முதலில் வந்தவரின் விலையைக் கேட்டுத் தலையாட்ட முன், ஒரு கத்தியையும் தும்புத்தடியையும் எடுத்துக்கொண்டு முற்றத்தில் இறங்குங்கள். விற்கும்வரைக்கும் அது உங்கள் வீடு.